மாசுபட்ட நிலத்தில் சூரிய மின் நிலையம்: சலுகை சாதனத்துக்கு, பொறுப்பு நிலத்துக்கு

கேள்வி:

மதிப்பிற்குரிய ஐயா,

நானும் என் மைத்துனரும் நண்பர்கள் இருவரும் நியூ ஜெர்சியில் வசிக்கிறோம். நால்வருமே மாதச் சம்பளக்காரர்கள். சேமிப்பை ஒன்றாகப் போட்டு ஏதாவது நல்ல முதலீடு செய்யலாம் என்று எண்ணியிருந்த வேளையில், ஒரு தரகர் 9 ஏக்கர் நிலத்தைக் காட்டினார். அங்கே முன்பு உலோகப் பொருட்களுக்குக் குரோமிய, நிக்கல் முலாம் பூசும் ஆலை இயங்கியதாம், தொண்ணூறுகளில் மூடிவிட்டார்கள். மாசுபட்ட நிலம் என்பதால் விலை மிகவும் குறைவு. "அதில் சோலார் அமைத்தால் செலவில் 40 சதவீதத்தை அரசாங்கம் திருப்பித் தரும், அந்தப் பணத்திலேயே மண்ணைச் சுத்தம் செய்துகொள்ளலாம், உங்கள் சம்பளத்துக்குக் கட்டும் வரியும் குறையும்" என்கிறார் தரகர். ஒட்டினாற்போல் மூடிக் கிடக்கும் ஒரு கேஸ் ஸ்டேஷனையும் (பெட்ரோல் பங்க்) சேர்த்து வாங்கச் சொல்கிறார். இம்மாத இறுதிக்குள் முன்பணம் கேட்கிறார்கள். வாங்கலாமா?

பதில்:

முன்பணத்தை இப்போது கொடுக்காதீர்கள். திட்டமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நீங்கள் எண்ணியிருக்கும் காரியம் நல்ல காரியம். ஆனால் நிலத்தை வாங்குவதிலிருந்து அதைத் தொடங்குவது தவறான வரிசை. தரகர் சொன்ன மூன்றில் முதலாவது பாதி உண்மை, மற்ற இரண்டும் உங்கள் நிலையில் உண்மையல்ல.

முதலில் அந்த 40 சதவீதத்தைப் பார்ப்போம். 2022 ஆகஸ்டில் நிறைவேறிய பணவீக்கக் குறைப்புச் சட்டம், சூரிய மின் திட்டங்களுக்கான கூட்டரசு டாக்ஸ் கிரெடிட்டை, அதாவது கட்ட வேண்டிய வரியிலிருந்து நேராகக் கழியும் சலுகையை, ஓர் அடிப்படை விகிதமாகவும் அதன்மேல் சேரும் கூடுதல்களாகவும் அமைத்தது. அடிப்படை விகிதம் 6 சதவீதம்தான். கட்டுமானத் தொழிலாளர்களுக்கு அந்தப் பகுதியில் நிலவும் கூலியைக் கொடுத்து, பயிற்சித் தொழிலாளர்களையும் விதிப்படி அமர்த்தினால் அது 30 சதவீதமாகும். திட்டத்தின் திறன் மாறுதிசை மின்சாரக் கணக்கில் 1 மெகாவாட்டுக்குக் குறைவாக இருந்தால் இந்தக் கூலி நிபந்தனை இல்லாமலே 30 சதவீதம் கிடைக்கும். திட்டம் 'எரிசக்திச் சமூகம்' என்று சட்டம் வகுத்துள்ள இடத்தில் அமைந்தால், முழு விகிதம் பெறும் திட்டத்துக்கு மேலும் 10 சதவீதப் புள்ளிகளும், 6 சதவீதத்திலேயே நிற்கும் திட்டத்துக்கு 2 புள்ளிகளும் சேரும். ஒரு கணக்குக்காகச் சாதனச் செலவு 20 லட்சம் டாலர் என்று வைத்துக்கொண்டால், விதிகளுக்குப் பொருந்தும் திட்டத்துக்கு 6 லட்சமும் கூடுதலாக 2 லட்சமும் கிடைக்கும். கூலி நிபந்தனைக்கு உட்பட்டும் அதை நிறைவேற்றாத திட்டத்துக்கு 1 லட்சத்து 20 ஆயிரமும் கூடுதலாக 40 ஆயிரமும்தான். உங்கள் 9 ஏக்கரில் எல்லை இடைவெளியும் பாதையும் போக மிஞ்சும் இடத்தில், ஒரு மெகாவாட்டுக்கு 5 முதல் 7 ஏக்கர் தேவைப்படும் வழக்கமான கணக்கின்படி, எப்படியும் ஒரு மெகாவாட்டை ஒட்டியே நிற்பீர்கள். எனவே அந்த வரம்புக்குச் சற்றுக் கீழே திட்டமிடுவது புத்திசாலித்தனம்.

எரிசக்திச் சமூகம் என்ற தகுதிக்கு மூன்று வழிகள் உண்டு. 1999-க்குப் பின் நிலக்கரிச் சுரங்கமோ, 2009-க்குப் பின் நிலக்கரி மின் அலகோ மூடப்பட்ட கணக்கெடுப்புப் பகுதியும் அதை ஒட்டிய பகுதிகளும் ஒரு வழி. புதைபடிவ எரிபொருள் வேலைகளையோ வரி வருவாயையோ நம்பியிருந்து, தேசிய சராசரிக்குக் குறையாத வேலையின்மையும் உள்ள வட்டாரங்கள் இரண்டாவது வழி. இவ்விரண்டையும் அரசு வெளியிட்டுள்ள பட்டியல்களிலும் வரைபடத்திலும் வீட்டிலிருந்தே பார்த்துவிடலாம். உங்கள் மனை அதில் விழுந்தால், மாசை நிரூபிக்கும் வேலையே இல்லாமல் கூடுதல் சலுகை கிடைக்கும் என்பதால் அதை முதலில் பாருங்கள். மூன்றாவது வழிதான் பிரவுன்ஃபீல்டு, அதாவது அபாயகரமான பொருள் இருப்பதாலோ இருக்கக்கூடும் என்பதாலோ மறுபயன்பாடு சிக்கலாகிவிட்ட நிலம்.

தரகர்கள் பொதுவாகத் தொடாமல் விடும் விவரம் இங்கே இருக்கிறது. மாசுபட்ட நிலம் எல்லாமே சட்டத்தின் கண்ணில் பிரவுன்ஃபீல்டு ஆகிவிடாது. மாசுபட்ட இடங்களைத் தூய்மைப்படுத்த வந்த, சூப்பர்ஃபண்டு எனப்படும் 1980-ஆம் ஆண்டுச் சட்டத்தின் தேசிய முன்னுரிமைப் பட்டியலில் உள்ள இடங்கள், அச்சட்டத்தின் கீழ் ஆணையோ நீதிமன்றத் தீர்ப்போ பிறப்பிக்கப்பட்ட இடங்கள், கழிவு அகற்றும் நடவடிக்கை நடந்துகொண்டிருக்கும் இடங்கள் ஆகியவை வரையறைக்கு வெளியே நிற்பவை. அபாயகரக் கழிவுகளைக் கையாள அனுமதிச் சீட்டு பெற்ற ஆலைகளும் விலக்கப்படக்கூடும். முலாம் பூசும் ஆலை என்பதால் அந்தப் பழைய அனுமதிக் கோப்பை அவசியம் தேடிப் பார்க்க வேண்டும். கேஸ் ஸ்டேஷன் விஷயம் இன்னும் தெளிவானது. அங்கே கசிந்தது பெட்ரோலிய எரிபொருள் மட்டும்தான் என்றால் அந்த மனை இந்தக் கூடுதல் சலுகைக்குத் தகுதி பெறாது, ஏனெனில் சூப்பர்ஃபண்டு சட்டம் 'அபாயகரமான பொருள்' என்பதிலிருந்து பெட்ரோலியத்தை விலக்கியுள்ளது. பெட்ரோலிய நிலங்களைத் தனியாகப் பிரவுன்ஃபீல்டில் சேர்க்கும் உட்பிரிவை 2022-ஆம் ஆண்டுச் சட்டம் எடுத்துக்கொள்ளவில்லை. திட்டத்தின் மொத்தத் திறனில் பாதியோ அதற்கு மேலோ தகுதியான மனையில் இருந்தால் போதும் என்பதால், கேஸ் ஸ்டேஷன் மனை சேர்ந்தாலும் சலுகை கெடாது. ஆனால் நிலத்தடித் தொட்டிகளின் தலைவலியைக் காசு கொடுத்து வாங்க எனக்குக் காரணம் தெரியவில்லை. அதை விட்டுவிடுங்கள்.

தகுதியை நிரூபிக்கும் முறையை வருமான வரித்துறை 2023-இல் எளிமையாக்கியது. கூட்டரசு அல்லது மாநிலப் பிரவுன்ஃபீல்டு நிதியில் அந்த இடம் ஏற்கெனவே மதிப்பிடப்பட்டிருந்தாலும், மண்ணையும் நீரையும் சோதிக்கும் இரண்டாம் கட்ட ஆய்வு மாசை உறுதிசெய்திருந்தாலும் தகுதி உண்டு. 5 மெகாவாட்டுக்கு மேற்படாத திட்டமாக இருந்தால், பழைய ஆவணங்களையும் நேரடிப் பார்வையையும் கொண்டு செய்யப்படும் முதற்கட்ட ஆய்வு, மாசு இருக்கிறது அல்லது இருக்கக்கூடும் என்று சொன்னாலே போதும். நான் மேலே சொன்ன விலக்குகளில் சிக்கிய நிலத்தை இந்த எளிய வழி காப்பாற்றாது.

இப்போது நீங்கள் நிதானமாக யோசிக்க வேண்டிய இடத்துக்கு வந்துவிட்டோம். சலுகையைப் பெற, இந்த மண்ணில் குரோமியமும் கரைப்பான்களும் இருக்கின்றன என்று நீங்களே ஓர் அறிக்கை எழுதி வாங்கிக் கோப்பில் வைக்க வேண்டும். நியூ ஜெர்சியின் கசிவு இழப்பீட்டுச் சட்டமோ, 1993 செப்டம்பர் 14-க்குப் பின் மாசு இருப்பதைத் தெரிந்தே நிலத்தை வாங்கியவரையும், மாசுபடுத்தியவரோடு சேர்த்துப் பொறுப்பாளியாக்குகிறது. அந்தப் பொறுப்பு கூட்டுப் பொறுப்பு. பழைய ஆலைக்காரர் கைவிரித்துவிட்டால் முழுச் செலவும் உங்கள் தலையில் விழலாம். கூட்டரசுச் சட்டம் இதில் சற்று இளகியது: 2002 ஜனவரியில் வந்த திருத்தம், மாசு தெரிந்தே வாங்குபவருக்கும், வாங்கும் முன் முறையாக விசாரித்து, வாங்கிய பின் மாசு பரவாமல் தக்க நடவடிக்கை எடுத்தால் பாதுகாப்பு தருகிறது. அந்த விசாரணை வாங்கும் தேதிக்கு முந்தைய ஓராண்டுக்குள் நடந்திருக்க வேண்டும். நேர்காணல், நேரடிப் பார்வை போன்ற சில பகுதிகள் 180 நாட்களுக்குள் புதுப்பிக்கப்பட்டிருக்க வேண்டும். தரகர் காட்டும் பழைய அறிக்கை எதற்கும் உதவாமல் போவது இதனால்தான். மேலும், கூட்டரசு ஏற்கும் முதற்கட்ட ஆய்வு நியூ ஜெர்சிக்குப் போதாது. மாநிலச் சட்டம் தன் சொந்தத் தொழில்நுட்ப விதிகளின்படி பூர்வாங்க மதிப்பீடும், தேவைப்பட்டால் கள ஆய்வும் கேட்கிறது. ஒன்றைச் செய்துவிட்டு இரண்டையும் செய்ததாக எண்ணிக்கொள்பவர்கள் அதிகம்.

இதற்கெல்லாம் விடை இருக்கிறது. டாக்ஸ் கிரெடிட் நிலத்துக்குக் கொடுக்கப்படுவதில்லை, அதன்மேல் நிற்கும் சாதனத்துக்குக் கொடுக்கப்படுகிறது. நிலத்தின் விலை கிரெடிட் கணக்கில் சேரவே சேராது. அப்படியிருக்க, பொறுப்பை மட்டும் சுமந்துகொண்டு வரும் நிலத்தை வாங்குவானேன்? நீண்டகாலக் குத்தகைக்கு எடுங்கள். அதற்கும் முன்னால், ஒரு சிறு தொகைக்குக் குறிப்பிட்ட காலம்வரை குத்தகை உரிமையை உங்களுக்கென ஒதுக்கி வைக்கும் ஒப்பந்தம் மட்டும் போட்டுக்கொண்டு, அந்த அவகாசத்துக்குள் ஆய்வையும் மின் இணைப்பு விசாரணையையும் முடித்துவிடுங்கள். 2018-இல் வந்த கூட்டரசுத் திருத்தம் குத்தகைதாரருக்கும் முன்சொன்ன பாதுகாப்பை விரித்திருக்கிறது. மாநிலச் சட்டத்திலும், பழைய கசிவில் பங்கில்லாத குத்தகைதாரர் நிலத்தின் சொந்தக்காரரைவிடப் பாதுகாப்பான இடத்தில் நிற்கிறார். குத்தகைப் பத்திரத்தில், நீங்கள் நுழையும் நாளில் மண்ணும் நீரும் எந்த நிலையில் இருந்தன என்ற சோதனை முடிவுகளை இணைப்பாகச் சேர்த்து, பழைய மாசுக்கான செலவு முழுவதும் உரிமையாளருடையது என்று எழுதி வாங்குங்கள். மாசுக் காப்பீடு எடுத்துவிட்டால் போதாதா என்று கேட்பீர்கள். இத்தகைய பாலிசிகள் ஏற்கெனவே தெரிந்த மாசைப் பொதுவாக விலக்கியே எழுதப்படுகின்றன.

விற்பவரிடமும் ஒரு கேள்வி கேட்க வேண்டும். முலாம் பூசுதல் போன்ற தொழில் 1983 டிசம்பர் 31 அன்றோ அதன் பின்னரோ நடந்த இடத்தை விற்றாலும் ஆலையை மூடினாலும், தூய்மைப்படுத்தும் கடமையை விற்பவர் மீதே வைக்கிறது நியூ ஜெர்சியின் தொழிற்தள மீட்புச் சட்டம். தொண்ணூறுகளில் ஆலை மூடப்பட்டபோதே அதன்படி கோப்பு ஒன்று திறக்கப்பட்டிருக்க வேண்டும். அது எந்த நிலையில் இருக்கிறது, உரிமம் பெற்ற தூய்மைப்படுத்தல் வல்லுநர் யாராவது நியமிக்கப்பட்டிருக்கிறாரா, பணி முடிந்ததற்கான சான்று உண்டா என்று எழுத்தில் கேளுங்கள். மாநிலச் சுற்றுச்சூழல் துறையிடம் பொது ஆவணக் கோரிக்கை மூலம் அந்தக் கோப்பை நீங்களே பெறவும் முடியும். இச்சட்டத்தைப் பின்பற்றாமல் விற்றால், வாங்கியவர் விற்பனையையே ரத்துசெய்து நஷ்டஈடு கேட்கலாம். 'உள்ளது உள்ளபடி' என்று சொல்லி அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிட அவசரப்படும் ஒருவர் இந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்கிறார் என்பதே உங்களுக்குப் பாதி முடிவைச் சொல்லிவிடும்.

சலுகைப் பணத்தில் மண்ணைச் சுத்தம் செய்யலாம் என்ற பேச்சுக்கு வருகிறேன். கிரெடிட் கணக்கிடப்படுவது பேனல், தாங்கு சட்டம், இன்வெர்ட்டர், நிறுவும் கூலி ஆகியவற்றின் மீது. குரோமிய மண்ணைத் தோண்டி அகற்றும் செலவு அதில் சேரும் என்று நம்பிக் கணக்குப் போடாதீர்கள். மாசு அகற்றும் செலவை அந்த ஆண்டே வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ள உதவிய பழைய வரிப் பிரிவு 2011 இறுதியோடு காலாவதியாகிவிட்டது. கூட்டரசுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையான ஈ.பி.ஏ. தரும் பிரவுன்ஃபீல்டு மானியங்கள் உள்ளாட்சிகளுக்கும் லாப நோக்கற்ற அமைப்புகளுக்கும் உரியவை. உங்களைப் போன்ற தனியார் குழு நேரடியாக விண்ணப்பிக்க இயலாது. ஆனால் நகராட்சியோடு சேர்ந்து நடந்தால் வழி பிறக்கும். வரி பாக்கிக்காக நகராட்சியின் கைக்கு வரக்கூடிய மனையாக இது இருந்தால், அவர்களே மானியத்தில் மதிப்பீடு செய்து, பின்னர் உங்களுக்குக் குத்தகைக்கு விடும் ஏற்பாட்டைப் பேசிப் பார்க்கலாம்.

மூன்றாவது பேச்சு, சம்பள வரி குறையும் என்பது. உங்கள் நால்வரையும் நேரடியாகப் பாதிப்பது இதுதான். நீங்கள் எல்.எல்.சி. என்னும் வரையறுத்த பொறுப்பு நிறுவனம் அமைத்து, அன்றாட நிர்வாகத்தை ஓர் ஒப்பந்ததாரரிடம் விட்டுவிட்டு, முதலீட்டாளர்களாக மட்டும் இருந்தால், அதிலிருந்து வரும் கிரெடிட்டைச் சம்பள வருமானத்தின் வரிக்கு எதிராகப் பயன்படுத்த வரிச் சட்டம் அனுமதிப்பதில்லை. முதலீட்டாளராக மட்டுமே இருந்து ஈட்டும் வருமானத்தின் மீதான வரிக்கு எதிராகவே அது செல்லும், மிச்சம் அடுத்தடுத்த ஆண்டுகளுக்குத் தள்ளிப்போகும். பிள்ளைகளின் கல்லூரிப் பணத்தைப் போட்டுவிட்டுப் பின்னர் இதை அறிந்துகொள்ளும் நிலை உங்களுக்கு வரக்கூடாது. இதற்கும் மாற்று உண்டு: 2022-ஆம் ஆண்டுச் சட்டம், தனியார் தங்கள் கிரெடிட்டைத் தொடர்பில்லாத வேறொரு வரி செலுத்துபவருக்கு ரொக்கத்துக்கு விற்க வழிசெய்தது. ஆனால் டாலருக்கு டாலர் கிடைக்காது; வருமான வரித்துறையின் தளத்தில் முன்பதிவு செய்ய வேண்டும்; முதல் 5 ஆண்டுகளுக்குள் திட்டம் கைமாறினாலோ நின்றுபோனாலோ கிரெடிட்டின் ஒரு பகுதியை அரசு திரும்ப வாங்கும் என்பதால், வாங்குபவர் உங்களிடம் உத்தரவாதமும் கேட்பார். இதைப் புரிந்த கணக்காளரின் ஆலோசனைக் கட்டணத்தை வீண் செலவாகக் கருதாதீர்கள்.

காலக்கெடுவையும் பாருங்கள். 2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான புதிய வரிச் சட்டம் எரிசக்திச் சமூகக் கூடுதலை நீக்கவில்லை. ஆனால் சூரிய, காற்றாலைத் திட்டங்களுக்கான கிரெடிட்டின் வாசலைக் குறுக்கிவிட்டது. 2026 ஜூலை 4-ஆம் தேதிக்குப் பின் கட்டுமானம் தொடங்கும் திட்டம், 2027 டிசம்பர் 31-க்குள் இயங்கத் தொடங்கியாக வேண்டும். நிலமே இன்னும் முடிவாகாத நீங்கள் இந்த இறுதித் தேதியை வைத்தே கணக்கிடுவது நல்லது. மாசுபட்ட நிலத்துக்கு இங்கே ஒரு தனிச் சிக்கல்: மண்ணை அகற்றுவதும் தரையைச் சமன்செய்வதும் வரித்துறையின் பார்வையில் ஆயத்த வேலைகளே, கட்டுமானத் தொடக்கம் ஆகா. மண் வேலையிலேயே மாதங்கள் ஓடிவிட்டால் கெடு உங்களுக்காகக் காத்திருக்காது. 2026 முதல் தொடங்கும் திட்டங்களில், சீனா உள்ளிட்ட குறிப்பிட்ட நாடுகளோடு தொடர்புடைய நிறுவனங்களின் பொருட்களுக்கும் வரம்பு வந்துள்ளது. எனவே பேனல் விலைப்பட்டியலோடு உற்பத்தியாளரின் சான்றையும் கேளுங்கள்.

மாநிலத்தின் கையும் இதில் இருக்கிறது. மூடப்பட்ட குப்பைமேடுகள், பிரவுன்ஃபீல்டுகள், பழைய நிரப்பு மண் பகுதிகள் ஆகியவற்றை நியூ ஜெர்சியின் 2012-ஆம் ஆண்டுச் சூரிய மின் சட்டமே தனியாகப் பிரித்து ஊக்குவித்தது. இப்போதைய திட்டத்தில், உற்பத்தியாகும் ஒவ்வொரு மெகாவாட்-மணிக்கும் ஒரு சான்றிதழ் என்ற கணக்கில் 15 ஆண்டுகளுக்குப் பணம் கிடைக்கிறது. பெரிய திட்டங்களுக்கான ஏலத்தில் மாசுபட்ட நிலங்களுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. உங்கள் அளவுக்குப் பொருந்துவது, ஒரே நிலையத்தின் மின்சாரத்தில் பல குடும்பங்கள் சந்தாதாரர்களாகப் பங்குபெறும் சமூக சோலார். அதில் திறனில் குறைந்தது 51 சதவீதம் குறைந்த, நடுத்தர வருமானக் குடும்பங்களுக்குச் செல்ல வேண்டும். அந்த ஆலையின் புகையையும் கழிவையும் சகித்துக்கொண்டு வாழ்ந்த தெருக்களுக்கே மின் கட்டணத்தில் தள்ளுபடியாக அது திரும்பிப் போவது எனக்கு மிகவும் நியாயமாகப் படுகிறது.

இந்த வகைத் திட்டம் நடக்கக்கூடியதா என்ற சந்தேகம் வேண்டாம். நம் மாநிலத்திலேயே மவுண்ட் ஆலிவ் நகரில், ஒரு காலத்தில் சூப்பர்ஃபண்டு பட்டியலில் இருந்து 2004-இல் நீக்கப்பட்ட கோம்ப் ஃபில் நார்த் குப்பைமேட்டின் மீது 25.6 மெகாவாட் சூரிய மின் நிலையம் நிற்கிறது. நியூயார்க் மாநிலத்தின் லாக்கவானாவில், பெத்லஹெம் ஸ்டீல் ஆலையின் கசடு கொட்டிய ஏரிக்கரையில் 2007-இல் காற்றாலைகள் சுழலத் தொடங்கின. ஈ.பி.ஏ. இதற்காகவே 2008-இல் ஒரு தனி முயற்சியைத் தொடங்கியது. விளைநிலத்தையும் காட்டையும் தொடாமல், வேறெதற்கும் உதவாத மண்ணில் மின்சாரம் எடுக்கும் இந்த வழியை நான் முழுமனதாக ஆதரிக்கிறேன். அதனால்தான் இவ்வளவு எச்சரிக்கைகளும்.

களத்தில் என்ன மாறும் என்பதையும் உங்கள் ஒப்பந்ததாரரிடம் முன்கூட்டியே பேசுங்கள். வழக்கமான சோலார் பண்ணையில் எஃகுத் தூண்களைத் தரையில் அறைந்து இறக்குவார்கள். முலாம் ஆலை மண்ணில் அப்படி இறக்கினால், மேல் மண்ணில் தங்கியிருக்கும் கரைப்பானுக்கும் குரோமியத்துக்கும் நிலத்தடி நீருக்குப் போக நீங்களே வழிவெட்டிக் கொடுத்ததாகும். புதிதாகப் பரவிய அந்த மாசுக்கு நீங்கள்தான் பொறுப்பு. எனவே தரையைத் துளைக்காமல், கான்கிரீட் பாரக் கட்டைகளின் மேல் சட்டங்களை நிறுத்தி, கேபிள்களையும் புதைக்காமல் தட்டுகளில் தரைக்கு மேலே கொண்டுசெல்ல வேண்டியிருக்கும். நிலத்தின்மேல் மூடு அடுக்கு இருந்தால் அது எவ்வளவு எடையைத் தாங்கும் என்பதைப் பொறியாளர் கணக்கிட்டுத் தர வேண்டும். நிலத்தடி நீரைச் சோதிக்கும் கண்காணிப்புக் கிணறுகள் மனையின் நடுவே இருக்கும். துளையிடும் வண்டி அவற்றை எட்டும் அளவுக்குப் பேனல் வரிசைகளுக்கு இடையே பாதை விட்டே வரைபடம் போட வேண்டும். இவற்றால் செலவு கூடும், பேனல்களின் எண்ணிக்கை குறையும். கூடுதலாகக் கிடைக்கும் 10 சதவீதப் புள்ளிகள் பெரும்பாலும் இந்த அதிகச் செலவை ஈடுகட்டத்தான் போகும் என்று எண்ணிக்கொள்ளுங்கள். அதை லாபமாகக் கணக்கில் காட்டும் திட்ட அறிக்கையை நம்பாதீர்கள்.

எனவே இந்த மாதம் நீங்கள் செய்ய வேண்டியது குறைவுதான். எரிசக்திச் சமூக வரைபடத்தில் முகவரியைப் பாருங்கள். அந்தப் பகுதிக்கு மின்சாரம் வழங்கும் நிறுவனத்தின் இணைப்புத் திறன் வரைபடத்தில் அந்தத் தெருவின் மின்பாதையில் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். அங்கே இடமில்லை என்றால் மற்ற எதைப் பேசியும் பயனில்லை. மாநிலச் சுற்றுச்சூழல் துறைக்குக் கோப்புக் கோரிக்கை அனுப்புங்கள். இவை மூன்றுக்கும் பெரிய செலவில்லை. பதில்கள் சாதகமாக வந்தால், ஒரு சுற்றுச்சூழல் வழக்கறிஞரைக் கொண்டு குத்தகை உரிமை ஒப்பந்தத்தை எழுதச் சொல்லி, அதைத் தரகர் மூலமாக இல்லாமல் நில உரிமையாளரிடம் நேராகக் கொண்டுபோங்கள். கோப்பு கைக்கு வந்ததும், ஆலை மூடப்பட்ட ஆண்டையும், கடைசியாக நிலத்தடி நீர் சோதிக்கப்பட்ட தேதியையும், அதில் கண்ட குரோமிய அளவையும் எனக்கு எழுதுங்கள். இரண்டாம் கட்ட ஆய்வுக்குச் செலவிடுவது தகுமா என்பதை அதை வைத்துச் சொல்ல முடியும்.